அத்தியாயம் 7: வீட்டிலேயே லோயரிங் ஸ்பிரிங் மாட்டுதல்

லோயரிங் ஸ்பிரிங் என்பது கம்பெனி ஸ்பிரிங்கைவிட உயரம் குறைந்த, சற்றே விறைப்பான காயில் ஸ்பிரிங். அதை மாட்டினால் கார் பொதுவாக 25 முதல் 40 மில்லிமீட்டர் வரை இறங்கும். எடை தரைக்கு நெருக்கமாக வருவதால் வளைவுகளில் பாடி சாய்வது குறையும். ஸ்டீயரிங் சொன்ன பேச்சைச் சீக்கிரம் கேட்கும். பதிலுக்குப் பள்ளத்தின் அதிர்ச்சி நேராக முதுகுக்கு வரும், வேகத்தடையில் அடிப்பகுதி உரசும். தத்துவம் இவ்வளவு போதும்.

முன்புறம் மெக்ஃபர்சன் ஸ்ட்ரட்டும் பின்புறம் டார்ஷன் பீமும் உள்ள சிறிய கார்களுக்காக இந்த அத்தியாயத்தை எழுதியிருக்கிறேன். மாருதி ஸ்விஃப்ட் இந்த வகை. நம் ஊர்ச் சாலைகளில் ஓடும் ஹேட்ச்பேக்குகளில் பெரும்பாலானவையும் இதே வகை. போல்ட் அளவும் இறுக்க வேண்டிய டார்க் அளவும் மாடலுக்கு மாடல் மாறும். அவற்றை உங்கள் காரின் சர்வீஸ் மேனுவலில் பார்த்து ஒரு தாளில் எழுதி, வேலை செய்யும் இடத்தில் கண்ணில் படும்படி ஒட்டி வைத்துக்கொண்டு ஆரம்பியுங்கள்.

இந்த வேலையில் உயிருக்கு ஆபத்தான இடங்கள் இரண்டு. ஒன்று, காரின் அடியில். இன்னொன்று, அழுத்தி வைத்த ஸ்பிரிங்கின் முன்னால். மற்ற எந்தத் தவறையும் மறுநாள் திருத்திக்கொள்ளலாம். அதனால் அந்த இரண்டு இடங்களிலும் நிதானமாகப் போகிறேன். நீங்களும் அப்படியே போங்கள்.

வாங்கும் முன் யோசிக்க வேண்டியவை

முதலில் சட்டம். மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-ஆவது பிரிவு, தயாரிப்பாளர் தந்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றி அமைக்கக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிப்படுத்தித் தீர்ப்பளித்தது. அதே ஆண்டு வந்த திருத்தத்தின்படி, அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ இரண்டுமோ கிடைக்கலாம். ஆகவே ஸ்பிரிங்குக்குப் பணம் கட்டும் முன்பே ஆர்டிஓ அலுவலகத்திலும் இன்சூரன்ஸ் கம்பெனியிலும் எழுத்தில் கேட்டு, பதிலையும் எழுத்தில் வாங்குங்கள். அனுமதி கிடைக்காவிட்டால் அந்தக் காரைப் பொதுச் சாலையில் ஓட்டாதீர்கள். இருங்காட்டுக்கோட்டை, செட்டிப்பாளையம் பந்தயத் தடங்களுக்கென்றே கார் வைத்திருப்பவர்கள் அதை லாரியில் ஏற்றித்தான் கொண்டுபோக வேண்டும்.

அடுத்தது தரை இடைவெளி. ஸ்விஃப்டுக்குக் கம்பெனி சொல்லும் கிரவுண்ட் கிளியரன்ஸ் 163 மில்லிமீட்டர். 30 மில்லிமீட்டர் தாழ்த்தினால் மிஞ்சுவது 133. ஐந்து பேர் ஏறி டிக்கியில் சாமானும் வைத்தால் இன்னும் இறங்கும். இந்திய சாலைக் காங்கிரஸின் அளவுப்படி போட்ட வேகத்தடையின் உயரம் 100 மில்லிமீட்டர், அகலம் 3.7 மீட்டர். ஆனால் தெருக்காரர்களே சிமென்ட் குழைத்துப் போட்ட தடைகள் எந்த அளவுக்கும் கட்டுப்படுவதில்லை. உங்கள் தெருவில் உள்ள மிக மோசமான வேகத்தடையை டேப்பால் அளந்து பாருங்கள். குடும்பத்தோடு வெளியூர் போகும் காருக்கு 25 மில்லிமீட்டருக்கு மேல் தாழ்த்துவதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

மூன்றாவது, ஷாக் அப்சார்பரின் நிலை. ஸ்ட்ரட்டில் எண்ணெய் கசிந்த ஈரம் தெரிந்தால் ஸ்பிரிங்கோடு அதையும் மாற்றுங்கள். தேய்ந்த ஷாக்கோடு விறைப்பான ஸ்பிரிங்கைச் சேர்த்தால் கார் துள்ளும், டயருக்குச் சாலையோடு பிடிப்பு போகும்.

இருக்கிற ஸ்பிரிங்கில் ஒரு சுற்றை கிரைண்டரால் வெட்டிக் கொடுப்பதாக யாராவது சொன்னால் சம்மதிக்காதீர்கள். வெட்டிய முனை ஸ்பிரிங் தட்டில் சரியாக உட்காராது. கார் ஒரு குழியில் இறங்கி ஏறும்போது ஸ்பிரிங் இடம் பெயர்ந்துவிடும். சூடாக்கிச் சுருக்குவது அதைவிட மோசம். எஃகின் பதமே கெட்டு ஓட்டத்தில் உடையும். உங்கள் மாடலுக்கென்றே தயாரித்து, சுருளின் மேல் பார்ட் நம்பர் அச்சிட்ட நான்கு ஸ்பிரிங் கொண்ட முழு செட்டைத்தான் வாங்க வேண்டும்.

தேவையான கருவிகள்

இரண்டு டன் டிராலி ஜாக்கி ஒன்று, அதே திறனுள்ள ஜாக் ஸ்டாண்டு குறைந்தது இரண்டு, பின்புற பீமைத் தாங்க இன்னொரு சிறிய ஜாக்கி, வீல் சோக், சாக்கெட் செட், ரிங் ஸ்பேனர்கள், ஆலன் கீ செட், டார்க் ரெஞ்ச், துருப்பிடித்த போல்ட்டுக்கு அடிக்கும் ஸ்பிரே, கம்பித் தூரிகை, நைலான் கயிறு, வெள்ளை பெயின்ட் மார்க்கர், பாதுகாப்புக் கண்ணாடி, கையுறை.

ஸ்பிரிங் கம்ப்ரஸரைத் தனியாகச் சொல்ல வேண்டும். கொக்கிகளுடன் இரண்டு நீண்ட திருகுகளாக வருவதுதான் வீட்டு உபயோகத்துக்குக் கிடைக்கும் வகை. ஒவ்வொரு முனையிலும் இரண்டு கொக்கிகளும், சுருள் நழுவாமல் பூட்டும் பின்னும் உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். திருகின் மரையில் தேய்மானமோ கொக்கியில் கீறலோ இருக்கும் இரவல் கருவியைத் தொடாதீர்கள்.

காரோடு வந்த கத்தரி ஜாக்கி ஸ்டெப்னி மாற்ற மட்டுமே. இந்த வேலைக்கு அதை எடுக்க வேண்டாம்.

கழற்றும்போது வீணாகும் நட்டுகளையும் முன்கூட்டியே வாங்கி வையுங்கள். நைலான் வளையம் உள்ள நட்டுகளையும், ஒருமுறைக்கு மேல் பயன்படுத்தக் கூடாது என்று மேனுவல் சொல்லும் போல்ட்டுகளையும் திரும்ப மாட்டக் கூடாது. ஸ்ட்ரட் மவுண்ட், பேரிங், பம்ப் ஸ்டாப்பர், டஸ்ட் கவர் ஆகியவை பழசாகியிருந்தால் அவற்றையும் இப்போதே மாற்றுவதுதான் புத்திசாலித்தனம். ஒரே கழற்றலில் முடியும்.

முதல் நாள் மாலை

1. காரைச் சமதளத்தில் நிறுத்தி, நான்கு சக்கரங்களிலும் சக்கரத்தின் மையத்திலிருந்து ஃபெண்டர் விளிம்பு வரை அளந்து குறித்துக்கொள்ளுங்கள். எவ்வளவு இறங்கியது, இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இறங்கியதா என்பதற்கு இதுவே ஆதாரம்.
2. கழற்றப்போகும் போல்ட்டுகளைக் கம்பித் தூரிகையால் தேய்த்து, ஸ்பிரே அடித்து இரவு முழுக்க ஊற விடுங்கள். கடற்கரை ஊர்க் கார்களுக்கு இரண்டு நாள் முன்பே தொடங்குங்கள்.
3. பிரேக் ஹோஸ், ஏபிஎஸ் ஒயர், லிங்க் ராடு ஆகியவை எந்தப் பக்கம் எப்படிப் போகின்றன என்று மொபைலில் படம் எடுத்து வையுங்கள்.

முதல்முறை செய்பவர் முழு நாளை ஒதுக்க வேண்டும். துணைக்கு ஒருவர் கட்டாயம் வேண்டும். ஸ்ட்ரட்டைக் கழற்றும்போது பிடிக்க ஒரு கை தேவைப்படும். ஏதாவது ஆனால் உதவிக்கு ஆளும் இருப்பார்.

காரைத் தூக்கி நிறுத்துதல்

தரை காங்கிரீட்டாக இருக்க வேண்டும். மண் தரையில் ஸ்டாண்டின் கால் புதையும். தார்த் தரை மதிய வெயிலில் இளகும். வழவழப்பான டைல்ஸில் ஸ்டாண்டு சறுக்கும். போர்டிகோவில் டைல்ஸ் போட்டிருந்தால் வேறு இடம் பாருங்கள்.

1. ஹேண்ட் பிரேக் போட்டு, முதல் கியரில் விட்டு, பின் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் சோக் வையுங்கள்.
2. முன் சக்கர நட்டுகளைச் சக்கரம் தரையில் இருக்கும்போதே அரைச் சுற்று தளர்த்துங்கள்.
3. மேனுவல் காட்டும் ஜாக்கி பாயின்ட்டில் தூக்கி, இருபுறமும் ஸ்டாண்டு கொடுத்து, ஜாக்கியை மெல்ல இறக்கி எடையை ஸ்டாண்டில் உட்கார வையுங்கள். முன்புறம் இரண்டு சக்கரமும் ஒன்றாகத் தூக்கியிருக்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் தூக்கினால் ஸ்டெபிலைசர் பார் முறுகி நிற்கும்; லிங்க் ராடு கழலும்போது வெடுக்கென்று அடிக்கும்.
4. சக்கரங்களைக் கழற்றும் முன் காரின் மூலையைக் கையால் பலமாகத் தள்ளிப் பாருங்கள். அசைந்தால் இறக்கிவிட்டு மறுபடி நிறுத்துங்கள். விழுவதாக இருந்தால் நீங்கள் வெளியே நிற்கும் இப்போதே விழட்டும்.

செங்கல், ஹாலோ பிளாக், மரக்கட்டை அடுக்கு ஆகியவற்றின் மேல் நிறுத்திய காரின் அடியில் யாரும் தலையைக் கொடுக்கக் கூடாது. ஹாலோ பிளாக் விரிசல் காட்டாமலே நொறுங்கும். கழற்றிய சக்கரத்தைப் பக்கவாட்டு விளிம்புக்குக் கீழே படுக்க வைத்தால், ஸ்டாண்டு ஏமாற்றினாலும் உயிர் தப்ப இடம் கிடைக்கும்.

முன்புற ஸ்ட்ரட்டைக் கழற்றுதல்

ஒரு பக்கத்தை முழுதாக முடித்த பிறகே மறுபக்கம் போங்கள். சந்தேகம் வந்தால் எட்டிப் பார்க்க, கழற்றாத பக்கம் அப்படியே இருக்கும்.

1. ஸ்ட்ரட்டில் மாட்டியிருக்கும் பிரேக் ஹோஸ் கிளிப்பையும் ஏபிஎஸ் ஒயர் கிளிப்பையும் விடுவியுங்கள். பிரேக் லைனைத் திறக்க வேண்டிய தேவையே இல்லை.
2. லிங்க் ராடின் நட்டைக் கழற்றுங்கள். நட்டோடு சேர்ந்து தண்டும் சுற்றினால், தண்டின் முனையில் ஆலன் கீ கொடுத்துப் பிடித்துக்கொண்டு ஸ்பேனரால் திருப்புங்கள்.
3. கீழே ஸ்ட்ரட்டும், சக்கரத்தைத் தாங்கும் நக்கிளும் சேரும் இடத்தில் இரண்டு பெரிய போல்ட்டுகள் இருக்கும். கழற்றும் முன் போல்ட் தலையும் ஸ்ட்ரட்டும் நக்கிளும் சேரும் இடத்தில் பெயின்ட் மார்க்கரால் கோடு போடுங்கள். சக்கரத்தின் கேம்பர் கோணம் இந்த இடத்தில்தான் நிற்கிறது.
4. லோயர் ஆர்முக்கு அடியில் சிறிய ஜாக்கியை லேசாக முட்டுக் கொடுத்து, இரண்டு போல்ட்டுகளையும் எடுங்கள். போல்ட் தலையை அசையாமல் பிடித்து நட்டை மட்டும் திருப்புவது நல்லது.
5. உடனே நக்கிளைக் கயிற்றால் உள்பக்கமாக இழுத்துக் கட்டுங்கள். அது வெளியே சாய்ந்தால் டிரைவ் ஷாஃப்டின் உள் ஜாயின்ட் பிரிந்து கிரீஸோடு வெளியே வந்துவிடும். பிரேக் ஹோஸும் இழுபடும். ஐந்து நிமிடத்தில் கட்டும் கயிறு அரை நாள் வேலையைத் தவிர்க்கும்.
6. போனட்டைத் திறந்து ஸ்ட்ரட்டின் தலையைப் பாருங்கள். சில மாடல்களில் வைப்பருக்குக் கீழுள்ள பிளாஸ்டிக் கவரைக் கழற்றினால்தான் தெரியும். பாடியோடு ஸ்ட்ரட்டைப் பிடித்திருக்கும் நட்டுகள் எவை, ஸ்பிரிங்கைப் பூட்டி வைத்திருக்கும் நட்டு எது என்பதை மேனுவலில் உள்ள படத்தோடு ஒப்பிட்டு உறுதி செய்யுங்கள். ஸ்பிரிங்கைப் பூட்டியிருக்கும் நட்டை இப்போது தொடவே கூடாது.
7. துணைக்கு வந்தவர் ஸ்ட்ரட்டைக் கீழிருந்து தாங்கிப் பிடிக்க, மேல் நட்டுகளைக் கழற்றி ஸ்ட்ரட்டை வெளியே எடுங்கள்.

போலோ போன்ற ஃபோக்ஸ்வாகன் கார்களில் கீழே இரண்டு போல்ட் கிடையாது. ஸ்ட்ரட் நக்கிளுக்குள் சொருகப்பட்டு ஒரே போல்ட்டால் இறுக்கப்பட்டிருக்கும். நக்கிளின் பிளவைச் சற்றே விரிக்கும் தனிக் கருவி இல்லாமல் அதை வெளியே எடுப்பது கடினம்.

ஸ்பிரிங்கை அழுத்துதல்

ஸ்விஃப்ட் போன்ற காரின் எடை சுமார் 900 கிலோ. எஞ்சின் முன்னால் இருப்பதால் ஒவ்வொரு முன் ஸ்பிரிங்கும் 250 கிலோவுக்குக் குறையாத பாரத்தைத் தாங்குகிறது. கழற்றிய ஸ்ட்ரட்டிலும் அந்த ஸ்பிரிங் முழுதாக விரிந்து நிற்பதில்லை. மேல் தட்டுக்கும் கீழ்த் தட்டுக்கும் இடையே சுருங்கியபடியே, நடுத்தண்டின் ஒற்றை நட்டால் பூட்டப்பட்டிருக்கிறது. அழுத்தாமல் அந்த நட்டைக் கழற்றினால் மவுண்ட் துப்பாக்கிக் குண்டு மாதிரி பாயும்.

கை நடுங்குகிறது, கருவி மேல் நம்பிக்கை வரவில்லை என்றால் இங்கே நிறுத்திக்கொள்ளலாம். கழற்றிய ஸ்ட்ரட்டை ஸ்கூட்டரில் வைத்து, சுவரில் பொருத்திய கம்ப்ரஸர் உள்ள ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுபோய், ஸ்பிரிங்கை மட்டும் மாற்றித் தரச் சொல்லுங்கள். மற்ற எல்லாவற்றையும் நீங்கள்தானே செய்கிறீர்கள். முதல்முறை செய்யும் எவருக்கும் நான் சொல்லும் வழி இதுதான்.

நீங்களே செய்வதானால்:

1. ஸ்ட்ரட்டை வைஸில் பிடியுங்கள். அல்லது தரையில் சாக்கு விரித்துப் படுக்க வையுங்கள். மேல் முனை யாரையும் பார்க்கக் கூடாது. உங்கள் முகமும் நடுத்தண்டின் நேர்க்கோட்டுக்கு வெளியே இருக்க வேண்டும். கண்ணாடியும் கையுறையும் இப்போதே அணியுங்கள்.
2. இரண்டு கம்ப்ரஸர்களையும் ஸ்பிரிங்கின் நேர் எதிர்ப் பக்கங்களில், முடிந்த அளவு அதிகச் சுருள்களைப் பிடிக்கும்படி மாட்டுங்கள். பூட்டும் பின்களைப் போடுங்கள். திருகின் மரைக்குக் கொஞ்சம் கிரீஸ் தடவுங்கள்.
3. இந்தப் பக்கம் இரண்டு சுற்று, அந்தப் பக்கம் இரண்டு சுற்று என மாற்றி மாற்றி ரேட்செட்டால் இறுக்குங்கள். இம்பாக்ட் கன் வேண்டாம். அதன் வேகத்தில் மரை சூடேறித் தின்றுபோகும். கொக்கி நழுவுவதும் கண்ணுக்குத் தெரியாது.
4. ஸ்பிரிங் ஒரு பக்கமாக வாழைப்பழம் போல வளைந்தால் உடனே நிறுத்தித் தளர்த்துங்கள். கொக்கிகள் நேர் எதிரே இல்லை என்று பொருள்.
5. ஸ்பிரிங்கைக் கையால் திருப்பிப் பாருங்கள். தட்டுகளுக்கு நடுவே அது தடையின்றிச் சுற்றி, மேலும் கீழும் ஆடினால்தான் நட்டின் மேல் விசை இல்லை. சுற்ற மறுத்தால் இன்னும் இறுக்க வேண்டும். நட்டைத் தொடும் உரிமையை இந்த ஒரு சோதனைதான் தருகிறது.
6. இப்போது தண்டின் முனையை ஆலன் கீயால் பிடித்துக்கொண்டு நடு நட்டைக் கழற்றுங்கள். தண்டைப் பிளையர்ஸால் பிடிக்காதீர்கள். பளபளப்பான குரோம் பூச்சில் ஒரு கீறல் விழுந்தாலும் அது சீலைக் கிழித்து எண்ணெயைக் கசிய விடும்.
7. மவுண்ட், பேரிங், மேல் தட்டு, டஸ்ட் கவர், பம்ப் ஸ்டாப்பர் ஆகியவற்றைக் கழற்றிய வரிசையிலேயே தரையில் அடுக்குங்கள். பிறகு கம்ப்ரஸரை அதே மாற்றி மாற்றிச் சுற்றும் முறையில் முழுதாகத் தளர்த்திப் பழைய ஸ்பிரிங்கை விடுவியுங்கள். அழுத்திய நிலையிலேயே அதைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டு வேறு வேலை பார்க்கக் கூடாது.

புதிய ஸ்பிரிங்கைப் பூட்டுதல்

புதிய ஸ்பிரிங் குட்டையானது; பல நேரங்களில் சிறிதளவு அழுத்தினாலே நட்டு மரையைப் பிடித்துவிடும். எந்தப் பக்கம் மேலே என்பதைத் தயாரிப்பாளரின் தாளில் பாருங்கள். பெரும்பாலும் அச்சிட்ட எழுத்து நேராகப் படிக்க வர வேண்டும்.

கீழ்த் தட்டைக் குனிந்து உற்றுப் பாருங்கள். தட்டின் பள்ளம் ஓரிடத்தில் படி போல உயர்ந்து முடியும். ஸ்பிரிங் கம்பியின் வெட்டு முனை அந்தப் படியை ஒட்டி உட்கார வேண்டும். படியின் மேல் ஏறி நின்றால் ஓட்டத்தில் ஒருநாள் தடாலென்று கீழே விழும். சத்தம் கேட்டுக் கழற்றினால் பூச்சு உரிந்து துரு ஏறியிருக்கும். மேல் தட்டிலும் இதே கவனம் வேண்டும்.

பம்ப் ஸ்டாப்பரை வெட்டச் சொல்லி ஸ்பிரிங் தயாரிப்பாளரின் தாளில் இருந்தால் மட்டும், சொன்ன அளவுக்கு வெட்டுங்கள். நடு நட்டு புதியதாக இருக்க வேண்டும். அதை டார்க் ரெஞ்சால் இறுக்குங்கள். நட்டு முழுதாக இறுகிய பிறகே கம்ப்ரஸரைத் தளர்த்த வேண்டும். தளர்த்தும்போதே முனைகள் படியை விட்டு விலகாமல் இருக்கின்றனவா என்று பார்த்துக்கொண்டே வாருங்கள்.

காரில் மாட்டுவது கழற்றியதற்கு நேர் எதிர் வரிசை. மேல் நட்டுகளை முதலில் கையால் பிடிக்க வைத்து, கீழ் போல்ட்டுகளைப் பெயின்ட் கோட்டுக்குப் பொருத்தி, பிறகு எல்லாவற்றையும் டார்க் அளவுக்கு இறுக்குங்கள். ஹோஸ், ஏபிஎஸ் கிளிப்புகளை மறக்காதீர்கள். ஸ்டீயரிங்கை இரண்டு பக்கமும் கடைசி வரை திருப்பி, ஹோஸ் எங்கும் இழுபடவில்லை, உரசவில்லை என்று பாருங்கள்.

பின்புறம்

இங்கே கம்ப்ரஸர் தேவைப்படாது. ஸ்பிரிங்கும் ஷாக்கும் தனித்தனியாக இருப்பதால் வேலை சுலபம்.

1. முன் சக்கரங்களை மாட்டித் தரைக்கு இறக்கி, சோக் வைத்து, முதல் கியரில் விடுங்கள். பின்புறத்தைத் தூக்கியபின் ஹேண்ட் பிரேக் காரைப் பிடிக்காது. இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.
2. பின்புறம் இரு பக்கமும் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்தி, சக்கரங்களைக் கழற்றி, பீமுக்கு அடியில் ஜாக்கியை முட்டுக் கொடுங்கள்.
3. இரண்டு ஷாக்கின் கீழ் போல்ட்டுகளையும் எடுத்து, ஜாக்கியை மெல்ல மெல்ல இறக்குங்கள். பிரேக் ஹோஸையும் ஏபிஎஸ் ஒயரையும் ஹேண்ட் பிரேக் கேபிளையும் பார்த்துக்கொண்டே இறக்குங்கள். அவை விறைக்கும் முன் நிறுத்த வேண்டும்.
4. ஸ்பிரிங் தளர்ந்ததும் கையால் எடுத்துவிடலாம். மேலும் கீழும் உள்ள ரப்பர் தட்டுகளைப் புதிய ஸ்பிரிங்குக்கு மாற்றி, முனையை அதன் இடத்தில் உட்கார வைத்து, பீமை உயர்த்தி ஷாக் போல்ட்டுகளைக் கோர்த்துவிடுங்கள். இறுக்க வேண்டாம்.
5. பீம் முழுதாகத் தொங்கும் நிலையில் ஸ்பிரிங் அதன் இருக்கையை விட்டு நழுவுகிறதா என்று பாருங்கள். நழுவினால் அந்த ஸ்பிரிங் உங்கள் காருக்கு உரியதல்ல.

எடை இறங்கிய பிறகு இறுக்க வேண்டியவை

ஷாக்கின் கீழ் முனையிலும் பீம் பாடியோடு சேரும் இடத்திலும் லோயர் ஆர்மிலும் ரப்பர் புஷ் இருக்கிறது. சக்கரம் தொங்கும்போது அந்த போல்ட்டுகளை இறுக்கினால், கார் தரையில் நிற்கும் நேரமெல்லாம் ரப்பர் முறுகியே இருந்து சீக்கிரம் கிழியும். உயரமும் தவறாகக் காட்டும். ஆகவே சக்கரங்களை மாட்டி, காரைப் பலமான ராம்பில் ஏற்றி, முழு எடையும் சக்கரத்தில் நிற்கும்போது பின் ஷாக் போல்ட்டுகளை டார்க் அளவுக்கு இறுக்குங்கள். பீம், லோயர் ஆர்ம் போல்ட்டுகளையும் அந்த நிலையிலேயே சற்றுத் தளர்த்தி மறுபடி இறுக்கினால் ரப்பர் புதிய உயரத்துக்குப் பழகும். வீட்டில் கார்களைக் கழற்றி மாட்டுபவர்கள் அதிகமாகத் தவறவிடும் படி இதுவே.

முதல் ஓட்டம்

சக்கர நட்டுகளை எதிரெதிராக, டார்க் ரெஞ்சால் இறுக்கியபின் தெருவுக்குள்ளேயே மெதுவாக ஓட்டிப் பாருங்கள். பிரேக் மிதியைப் புறப்படும் முன் சில முறை அழுத்திப் பாருங்கள். ஸ்டீயரிங்கை முழுதாகத் திருப்பும்போது டொங் என்று சத்தம் வந்தால் ஸ்பிரிங் முனையோ ஸ்ட்ரட் பேரிங்கோ சரியாக உட்காரவில்லை. உடனே நிறுத்துங்கள்.

கார் தாழ்ந்ததும் கேம்பரும் டோவும் மாறிவிடும். கண்ணுக்கு நேராகத் தெரிந்தாலும் வீல் அலைன்மென்ட் செய்யாமல் ஓட்டினால் டயரின் உள் விளிம்பு தேயும். வெளியிலிருந்து பார்த்தால் அது தெரியாது. ஸ்பிரிங் படிய நூறு கிலோமீட்டர் அளவு நிதானமாக ஓட்டிவிட்டு அலைன்மென்ட்டுக்குப் போங்கள். ஸ்டீயரிங் ஒரு பக்கம் இழுத்தால் அதுவரை காத்திருக்க வேண்டாம். அதே சமயம் சக்கர நட்டுகளையும் ஸ்ட்ரட் நட்டுகளையும் மறுபடி டார்க் ரெஞ்சால் சரிபாருங்கள். ஹெட்லைட் ஒளி விழும் உயரமும் மாறியிருக்கும். சுவருக்கு எதிரே நிறுத்தி அதையும் சரிசெய்யுங்கள்.

முதல் நாள் எழுதிய உயரங்களோடு இப்போது அளந்து ஒப்பிடுங்கள். இடது வலது வித்தியாசம் 10 மில்லிமீட்டருக்கு மேல் கூடியிருந்தால் ஏதோ ஒரு முனை படியை ஒட்டி உட்காரவில்லை, அல்லது இடம் மாறிய ஸ்பிரிங் இருக்கிறது. பின்புறத்தில் ஆளை ஏற்றி, டயர் ஃபெண்டரில் உரசுகிறதா என்றும் பாருங்கள்.

கழற்றிய பழைய ஸ்பிரிங்குகளை எடைக்குப் போடாதீர்கள். துடைத்து, லேசாக எண்ணெய் தடவி, முன் இடது, முன் வலது, பின் இடது, பின் வலது என்று எழுதிக் கட்டி, பரணில் வையுங்கள். ஆய்வின்போதோ காரை விற்கும்போதோ பழைய உயரத்துக்குத் திரும்ப வேண்டியிருந்தால் இதே வரிசையில் அவற்றை மாட்டிக்கொள்ளலாம்.